மேல் மாகாணம்: எந்த ஆத்துக்கு இந்தப் பக்கம், எந்த ஒபிஸ்?

வத்தளையில ரூம் எடுத்து இருக்கிற பிள்ளை வீட்டுக்கு கோல் எடுத்து "நான் கொழும்புல"ன்னு சொல்லுது, அம்மாவுக்கு அது போதும், ஆனா ஏதாவது ஃபோர்ம் நிரப்பும்போது மாவட்டம்ங்கிற கட்டத்துல கொழும்புன்னு எழுதினா கவுண்டர்லயே திருப்பி குடுத்துருவாங்க. வத்தளை கம்பஹா மாவட்டம். கட்டுநாயக்க ஏர்போர்ட்டும் கம்பஹா மாவட்டம்தான், ஊர் உலகமே அதை கொழும்பு ஏர்போர்ட்னு சொன்னாலும். வடக்கு கிழக்குல இருந்தோ மலையகத்துல இருந்தோ படிக்கவும் வேலைக்கும் வர்ற ஆக்களுக்கு இந்தக் குழப்பம் மாசக்கணக்கா ஓடும், இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களை கேட்டாலும் பாதிப்பேர் தலையை சொறிவாங்க. அதனால மேல் மாகாணம் எங்க தொடங்கி எங்க முடியுது, உள்ளுக்கு எப்படி பிரிச்சிருக்காங்க, எந்த வேலைக்கு எந்த வாசல்னு அடியில இருந்து எழுதிடுறேன்.

இலங்கையில மொத்தம் ஒன்பது மாகாணம், அதுல மேல் மாகாணம்தான் பரப்பளவுல ஆகச் சின்னது, 3,684 சதுர கிலோமீட்டர். நாட்டோட நிலத்துல ஆறு சதவீதம் கூட வராது. ஆனா 2024 சனத்தொகை கணக்கெடுப்புப்படி 61 லட்சம் பேருக்கு மேல இதுக்குள்ளதான் இருக்காங்க, அதாவது நாட்டுல நாலுல ஒரு பங்குக்கும் அதிகம். வட மாகாணத்தை யோசிச்சு பாருங்க, இதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல பெரிய நிலம், ஆனா சனம் பத்துப் பதினொரு லட்சம்தான். நாட்டோட மொத்த உற்பத்தியில 40 சதவீதத்துக்கு மேல இந்த ஒரு மாகாணத்துல இருந்துதான் வருது, துறைமுகம், ஏர்போர்ட், பேங்க் தலைமை ஒபிஸ், கார்மெண்ட் ஃபெக்டரி எல்லாம் இங்க குவிஞ்சிருக்கிறதால சனமும் இங்கேயே குவியுது, பிறகு சனம் இருக்குன்னு இன்னும் நாலு ஒபிஸ் இங்கேயே கட்டுறாங்க, அப்படியே சுத்திக்கிட்டிருக்கு.

நில அமைப்பு சுகம். மேற்கால முழுக்க கடல், கரையோரம் தட்டையா இருக்கும், கிழக்கால போகப்போக அவிசாவளை, இங்கிரிய, அகலவத்த பக்கம் மெல்ல மேடாகி ரப்பர் தோட்டமும் மலையடிவாரமும் வந்துரும். எல்லையை ஞாபகம் வச்சுக்க ஆறுகளை பிடிச்சுக்கிட்டா போதும். வடக்கு எல்லை மஹா ஓயா, நீர்கொழும்பு தாண்டி கொச்சிக்கடையில பாலத்தை கடந்தா புத்தளம் மாவட்டம், வடமேல் மாகாணம். (கொழும்பு 13லயும் ஒரு கொச்சிக்கடை இருக்கு, அந்தோனியார் கோயில் இருக்கிற இடம், அது வேற இது வேற, பஸ்ல ஏறும்போது கவனம்.) தெற்கு எல்லை பெந்தொட்ட ஆறு. ட்ரெயின்ல காலி பக்கம் போறவங்க பார்த்திருப்பீங்க, அளுத்கம ஸ்டேஷன் விட்டு கொஞ்சம் போனதும் ஒரு பாலம், அங்கிட்டு பெந்தொட்ட, அந்தப் பாலத்தோட மேல் மாகாணம் முடிஞ்சு தென் மாகாணம் தொடங்குது. கிழக்கால சப்ரகமுவ, கேகாலை மாவட்டமும் இரத்தினபுரி மாவட்டமும்.

உள்ளுக்கும் இதே ஆத்துக் கணக்குதான். களனி கங்கையோட கீழ்ப்பகுதிக்கு வடக்கால கம்பஹா மாவட்டம், தெற்கால கொழும்பு மாவட்டம். மட்டக்குளியில நின்னு பாலத்தை கடந்தா ஹெந்தள, வத்தளை, மாவட்டம் மாறிருச்சு. அந்தப் பக்கம் மொரட்டுவைக்கும் பாணந்துறைக்கும் நடுவுல பொல்கொட வாவித் தண்ணி கடலுக்கு போற இடத்தை தாண்டினா களுத்துறை மாவட்டம். களுத்துறை டவுன்ல கடல்ல சேர்றது களு கங்கை, அது எல்லை இல்ல, மாவட்டத்துக்கு நடுவால ஓடுது, தென்மேல் பருவமழை அடிச்சா புளத்சிங்கள, பாலிந்தநுவர பக்கம் இதுதான் நியூஸ்ல வரும், 2017 மே மாசம் வெள்ளமும் மண்சரிவுமா அந்தப் பக்கம் பட்ட பாடு நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த மாகாணம் முதல்லயே இப்படி சின்னதா இருக்கல்ல. 1833ல வெள்ளைக்காரன் நாட்டை ஐந்து மாகாணமா பிரிச்சப்போ மேல் மாகாணம் எவ்வளவோ பெருசு, பிறகு 1845ல வடமேல் மாகாணத்தை வெட்டி எடுத்தாங்க, 1889ல சப்ரகமுவவை வெட்டி எடுத்தாங்க, மிச்சம்தான் இது. மாவட்டமும் அப்படித்தான், 1978 வரைக்கும் கம்பஹான்னு தனி மாவட்டமே கிடையாது, நீர்கொழும்பு, கம்பஹா எல்லாம் கொழும்பு மாவட்டத்துக்குள்ள இருந்துச்சு. பழைய பிறப்புச் சான்றிதழ்ல நீர்கொழும்பு ஆளுக்கு கொழும்பு மாவட்டம்னு இருந்தா பதறவேண்டாம், அந்தக் காலத்துக்கு அது சரி.

இப்ப மூணு மாவட்டம். கொழும்பு 699 சதுர கிலோமீட்டர், கம்பஹா 1,387, களுத்துறை 1,598. சனத்தொகையில ரொம்பக் காலமா கொழும்புதான் முதல், ஆனா 2024 கணக்கெடுப்புல கம்பஹா முந்திருச்சு, கம்பஹா 24 லட்சத்துக்கு மேல, கொழும்பு 23 லட்சத்து சொச்சம், களுத்துறை 13 லட்சம். காரணம் பெரிய மர்மம் ஒன்னும் இல்ல, கொழும்புக்குள்ள காணி விலை யாருக்கும் எட்டாது, அதனால கடவத்த, கிரிபத்கொட, ராகம, ஜா-எலன்னு சனம் ஆத்தை கடந்து போய் வீடு கட்டுது, காலையில அத்தனை பேரும் திரும்ப இதே பாலத்தால கொழும்புக்குள்ள வருது. பாராளுமன்ற ஆசனமும் மாறிருச்சு, 2020 எலெக்ஷன்ல கொழும்புக்கு 19, கம்பஹாவுக்கு 18, 2024ல அது அப்படியே தலைகீழ். சனம் கம்பஹாவுல கூடினாலும் நெருக்கத்துல கொழும்பு மாவட்டத்தை யாரும் நெருங்க முடியாது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,000 பேருக்கு மேல. களுத்துறையில உள்பக்கம் போனா மத்துகம, அகலவத்த பக்கம் ரப்பர் தோட்டம், அதுக்குள்ள நம்ம தோட்டத் தமிழ் ஆக்கள், மேல் மாகாணத்துல லயம் (தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடு) இருக்குன்னு சொன்னா கொழும்பு ஆக்கள் பலர் நம்பமாட்டாங்க. ரப்பர்னதும் இன்னொன்னு, ஆசியாவுல முதல்முதல்ல ரப்பர் கன்னு நட்டது 1876ல கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துல.

சரி, இப்பதான் குழப்பமான பகுதி. மாகாணத்துக்குள்ள ஒரே நிலத்துக்கு மேல ரெண்டு கோடு ஓடுது. இதை ஒருதடவை விளங்கிக்கிட்டா மிச்சம் எல்லாம் தன்னால விளங்கும்.

முதல் கோடு மத்திய அரசாங்கத்தோடது. மேல மாவட்டச் செயலாளர், நம்ம ஆக்கள் இன்னும் ஜி.ஏ.ன்னும் அரச அதிபர்னும்தான் சொல்லுவாங்க, அவர் இருக்கிற இடம் கச்சேரி. அவருக்கு கீழ பிரதேச செயலாளர், டி.எஸ். அவருக்கும் கீழ கிராம உத்தியோகத்தர், ஜி.எஸ். யாருமே வோட் போட்டு வர்றதில்ல, எல்லாரும் அரசாங்க உத்தியோகத்தர்கள், எலெக்ஷன் வந்தாலும் போனாலும் இந்தக் கோடு அப்படியே இருக்கும். கொழும்பு மாவட்டத்துல 13 பிரதேச செயலகப் பிரிவு, கம்பஹாவுல 13, களுத்துறையில 14, ஆக மொத்தம் 40. அதுக்குள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவு கிட்டத்தட்ட 2,500 வரும். வெள்ளவத்தை ஃப்ளெட்ல பத்தாவது மாடியில இருந்தாலும் உங்களுக்கு ஒரு "கிராம" உத்தியோகத்தர் இருக்கார், சிரிக்காதீங்க, வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், வாக்காளர் இடாப்பு எல்லாத்துக்கும் அவர் சைன் வேணும், அதுல சிலதுக்கு அவர் சைனுக்கு மேல டி.எஸ். ஒபிஸ்ல மேலொப்பமும் வேணும்.

ரெண்டாவது கோடு வோட் போட்டு வர்றவங்களோடது. மேல மாகாண சபை, கீழ உள்ளூராட்சி சபைகள். உள்ளூராட்சி சபையில மூணு சாதி, பெரிய நகரத்துக்கு மாநகர சபை, நடுத்தர டவுனுக்கு நகர சபை, மிச்ச இடத்துக்கு பிரதேச சபை. கொழும்பு மாவட்டத்துல மட்டும் மாநகர சபை ஐந்து: கொழும்பு, தெஹிவளை-கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, மொரட்டுவ, கடுவெல. கம்பஹா மாவட்டத்துல நீர்கொழும்பும் கம்பஹாவும். குப்பை எடுக்கிறது, ரோட்டோர கான், தெரு லைட், வீடு கட்ட ப்ளேன் பாஸ் பண்றது, ஆதன வரி எடுக்கிறது, சந்தை, மயானம் எல்லாம் இவங்க வேலை.

பிரதேச சபை வேற, பிரதேச செயலகம் வேற. வாசல்ல நின்னு ஒன்னுன்னு நினைச்சு உள்ள போய் அரைநாள் லீவை வீணாக்கினவங்க எத்தனையோ பேர். சபைன்னா மெம்பர் இருப்பாங்க, குப்பை வண்டி இருக்கும். செயலகம்னா ஃபைலும் சீலும் இருக்கும். அவ்வளவுதான்.

இந்த ரெண்டு கோடும் ஒரே எல்லையில ஓடினா ஒரு பிரச்சினையும் இல்ல, ஓடாது. கொழும்பு மாநகர சபை ஒன்னுதான், சுமார் 37 சதுர கிலோமீட்டர், ஆனா அதுக்குள்ள டி.எஸ். பிரிவு ரெண்டு, கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனையில இருக்கிறவர் கொழும்பு டி.எஸ்.க்கு போகணும், வெள்ளவத்தையில இருக்கிறவர் திம்பிரிகஸ்யாய டி.எஸ்.க்கு போகணும், குப்பை எடுக்கல்லன்னு கொம்ப்ளேன் பண்ண ரெண்டு பேரும் ஒரே மாநகர சபைக்கு. தெஹிவளை-கல்கிசை மாநகர சபையும் அப்படித்தான், தெஹிவளை, இரத்மலானைன்னு ரெண்டு டி.எஸ். பிரிவு. வத்தளையில கதை தலைகீழ், டி.எஸ். பிரிவு ஒன்னு, சபை ரெண்டு: டவுன் பக்கம் வத்தளை-மாபொல நகர சபை, ஹெந்தள பக்கம் வத்தளை பிரதேச சபை. அடுத்தடுத்த ரோட்ல இருக்கிற ரெண்டு குடும்பம் ஒரே டி.எஸ். கிட்ட சைன் வாங்கும், ஆதன வரியை மட்டும் வேற வேற இடத்துல கட்டும்.

இதுக்கு நடுவுல கொழும்பு 1, கொழும்பு 2ன்னு கொழும்பு 15 வரைக்கும் நம்பர் இருக்கே அது என்னன்னு கேப்பீங்க. அது தபால்காரருக்கு, நிர்வாகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 12 புதுக்கடை, 13 கொட்டாஞ்சேனை, இப்படி போகும். மாநகர சபை எல்லையோட நம்பர் முடிஞ்சிரும், தெஹிவளைக்கு நம்பர் கிடையாது. கல்யாண நோட்டீஸ்ல கொழும்பு 7ன்னு போட ஆசைப்படுற மாதிரி திம்பிரிகஸ்யாய டி.எஸ். பிரிவுன்னு போட யாரும் ஆசைப்படமாட்டாங்க, ஆனா கறுவாத்தோட்டத்து பங்களாவுக்கும் சைன் அங்கதான்.

ரோட்ல குழி விழுந்தா யாருக்கு சொல்றதுங்கிறதும் இதே மாதிரி. காலி வீதி, கண்டி வீதி, ஹைலெவல் ரோட் மாதிரி ஏ, பி ரகப் பெரிய ரோட் எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அது மத்திய அரசாங்கம். அதுக்கு அடுத்த ரகம் மாகாணத்தோட வீதி அதிகார சபை. உங்க வீட்டு லேன் உள்ளூராட்சி சபை. வாகன லைசன் ஒரு வேடிக்கை, அந்தக் காசு மாகாண சபைக்கு போற வரி, வாங்குற கவுண்டர் பெரும்பாலும் டி.எஸ். ஒபிஸ்ல. பழைய நம்பர் ப்ளேட்ல டபிள்யூ.பி.ன்னு சின்னதா இருக்குமே, அது மேல் மாகாணம்ங்கிற அடையாளம்தான். ஸ்கூலும் இப்படித்தான், தேசிய பாடசாலைன்னா மத்திய அமைச்சு, மாகாணப் பாடசாலைன்னா மாகாண சபை, ரெண்டும் ஒரே ரோட்ல எதிர் எதிரா இருந்தாலும்.

கோடு எங்க விழுந்திருக்குங்கிறது சும்மா ஃபைல் விஷயம் மட்டும் இல்ல, சில நேரம் உயிர்ப் பிரச்சினை. கொழும்பு நகரத்தோட குப்பையை வருஷக்கணக்கா கொண்டுபோய் கொட்டினது மீதொட்டமுல்லயில, அது மாநகர சபை எல்லைக்கு சரியா வெளியில, கொலன்னாவ பக்கம். குப்பை போடுறவங்க ஒரு சபைக்கு வோட் போடுறாங்க, நாத்தத்துல இருக்கிற சனம் வேற சபைக்கு வோட் போடுது, அப்ப யார் யார்கிட்ட கேக்கிறது? அந்த சனம் ரோட்ல இறங்கி சத்தம் போட்டதுதான் மிச்சம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்னைக்கு அந்தக் குப்பை மலை சரிஞ்சு பக்கத்து வீடுகளை மூடிருச்சு, முப்பது பேருக்கு மேல செத்தாங்க. பிறகு கரதியான, கெரவலப்பிட்டியன்னு தேடினாங்க, 2021ல கெரவலப்பிட்டியில குப்பையை எரிச்சு கரண்ட் எடுக்கிற நிலையம் தொடங்கினாங்க, அது எங்க இருக்கு, ஆத்துக்கு அங்கிட்டு வத்தளை பக்கம், கம்பஹா மாவட்டம். அதுக்கு முதலே புத்தளம் அருவக்காட்டுக்கு ஏத்துறதுக்கும் திட்டம் போட்டாங்க, அது வேற மாகாணமே. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள்ள குப்பைக்கு இடமே இல்லைங்கிறதுதான் உண்மை, 37 சதுர கிலோமீட்டர்ல எங்க வைக்கிறது.

வெள்ளமும் கோடு பார்க்கிறதில்ல. களனி கங்கை பெருகினா க்ராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில இருக்கிற அளவுகோல் எத்தனை அடி காட்டுதுன்னு நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும், மழைக்காலத்துல டிவியில கேட்டிருப்பீங்க. அதுக்கு முதல் மேல ஹங்வெல்லயில ஏறின தண்ணியைத்தான் பார்ப்பாங்க, ஏன்னா அந்தத் தண்ணி கொஞ்ச மணித்தியாலத்துல கீழ வரும். 2016 மே மாசம் கொலன்னாவ, கடுவெல, வெல்லம்பிட்டி, மறுகரையில பியகம, களனி எல்லாம் தண்ணிக்குள்ள. அந்த நேரம் ரோட்டோர கான் மாநகர சபையோடது, பெரிய கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தோடது, ஆறு நீர்ப்பாசனத்தோடது, நிவாரணம் டி.எஸ். ஒபிஸோடது. வீட்டுக்குள்ள வந்த தண்ணி ஒன்னுதான். கொழும்பைச் சுத்தி இருக்கிற சதுப்பு நிலம்தான் மழைத் தண்ணியை ஓரளவாவது குடிச்சு வைக்கிறது, அதனாலதான் 2018ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்துக்கு கீழ கொழும்பை ஈரநில நகரம்னு அறிவிச்சாங்க, அந்தப் பட்டத்தை வாங்கிக்கிட்டே சதுப்பை நிரப்பி கட்டடம் கட்டுறதும் நடக்குது, என்னத்த சொல்ல.

தலைநகரம் எதுங்கிற கேள்வியை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். ஸ்கூல் புத்தகப்படி ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 1982 ஏப்ரல்ல தியவன்னா ஓயா நடுவுல ஜெஃப்ரி பாவா வடிவமைச்ச கட்டடத்துக்கு பாராளுமன்றம் போச்சு. பதினஞ்சாம் நூற்றாண்டுல ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட கோட்டை இராச்சியம் இதே இடம்தான், அவரோட வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள்தான் யாழ்ப்பாணத்தை பிடிச்சது. ஆனா ஜனாதிபதி மாளிகை இன்னும் கொழும்பு 1ல, உயர் நீதிமன்றம் புதுக்கடையில, பாஸ்போர்ட் எடுக்கப் போறது பத்தரமுல்லைக்கு, அங்கதான் செத்சிறிபாய, இசுருபாயன்னு பெரிய அரசாங்கக் கட்டடம் எல்லாம் இருக்கு. அந்தப் பத்தரமுல்லை எந்த சபைக்குள்ள வருது தெரியுமா, கோட்டை மாநகர சபை இல்ல, கடுவெல மாநகர சபை. ஆக தலைநகரம்ங்கிற வேலையை மூணு மாநகர சபை பிரிச்சு பார்த்துக்கிட்டிருக்கு. கோட்டைன்னு பஸ் போர்ட்ல இருந்தா கொழும்பு 1ஆ, ஜயவர்தனபுரவான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க.

மாகாண சபை பத்தியும் ஒரு வார்த்தை. 1987 இலங்கை-இந்திய ஒப்பந்தம், அதுக்குப் பிறகு அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம், அதுல பிறந்தது. வடக்கு கிழக்குப் பிரச்சினைக்குன்னு கொண்டுவந்தது, ஆனா மேல் மாகாணத்துக்கும் ஒன்னு கிடைச்சிச்சு, 1993ல சந்திரிகா இங்கதான் முதலமைச்சரா இருந்து அடுத்த வருஷம் பிரதமர், ஜனாதிபதின்னு ஏறிப் போனார். கடைசியா எலெக்ஷன் நடந்தது 2014ல, காலம் முடிஞ்சது 2019 ஏப்ரல்ல, பிறகு எல்லை நிர்ணயமும் தேர்தல் முறையும் சிக்கிக்கிட்டதால மறுபடி தேர்தல் வைக்கவே இல்ல, ஆளுநரும் செயலாளர்களும்தான் நடத்துறாங்க. அதாவது மேல சொன்ன ரெண்டாவது கோட்டுல மேல்தட்டுல நீங்க வோட் போட்ட யாரும் இல்லாமலே 61 லட்சம் பேருக்கான மாகாண வேலை ஓடுது. இதை யாரும் பெருசா கதைக்கிறதும் இல்ல, கவலைப்பட வேண்டிய விஷயம்னுதான் எனக்கு படுது. உள்ளூராட்சி சபைக்காவது 2025 மே 6 எலெக்ஷன் நடந்து மெம்பர்மார் வந்துட்டாங்க.

நிலம் கூடினா என்ன பண்ணுவாங்கன்னு பார்க்கணும்னா போர்ட் சிட்டி இருக்கு. காலிமுகத்திடலுக்கு பக்கத்துல கடலை நிரப்பி 269 ஹெக்டேர். கடலுக்கு டி.எஸ். கிடையாது, ஜி.எஸ். கிடையாது, அப்ப அந்த மண் எந்த மாவட்டம்? 2019ல பாராளுமன்றத்துல தீர்மானம் எடுத்து கொழும்பு பிரதேச செயலகப் பிரிவோட சேர்த்தாங்க, 2021ல அதுக்குன்னு தனி ஆணைக்குழுச் சட்டமும் வந்துச்சு.

புதுசா ரூம் எடுக்கிற ஆள் வீட்டுக்காரர்கிட்ட வாடகை, தண்ணி பில் மட்டும் கேட்டுட்டு வந்துடாம, மாவட்டம் என்ன, டி.எஸ். பிரிவு என்ன, ஜி.எஸ். பிரிவோட பேரும் நம்பரும் என்ன, ஆதன வரி எந்த சபைக்கு கட்டுறாங்கன்னு நாலையும் கேட்டு ஃபோன்ல எழுதி வச்சுக்கோங்க. ஜி.எஸ். எந்தெந்த நாள் ஒபிஸ்ல இருப்பார்னும் சேர்த்து கேளுங்க, வெளிவேலைன்னு போற நாள்ல நீங்க போனா பூட்டிக் கிடக்கும்.